ஒரே எழுத்தில் பிறந்த தாய்மாமன்: கொரியத் தொடர்களைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டப்பிங், சப்டைட்டில் குழுவினருக்கு,

வணக்கம். கொரியத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர்கள், குரல் கொடுக்கிறவர்கள், சரிபார்க்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். யார் செய்த வேலை என்று பெயர் சொல்லிச் சண்டைக்கு வரவில்லை. ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

சில வாரங்களுக்கு முன் மாமியாரோடு உட்கார்ந்து கொரியச் சரித்திரத் தொடர் ஒன்றைத் தமிழில் பார்த்தேன். வெள்ளைத் தாடி அமைச்சர் ஒருவர் அரியணைக்கு முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்கிவிட்டு, “நீ எடுத்த முடிவு தவறு” என்றார். மாமியார் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: “இவர் ராஜாவுக்குத் தாய்மாமனா?” இல்லை என்றேன். “பிறகு எப்படி நீ என்கிறார்?” அடுத்த இரண்டு காட்சிகளிலும் அவர் அந்த உறவைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கதையில் இல்லாத ஒரு தாய்மாமனை ஒரே எழுத்தில் பெற்றுப் போட்டுவிட்டீர்கள்.

எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. கொரிய வசனம் முதலில் ஆங்கிலத்துக்குப் போகிறது. அங்கே அரசனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே ‘யூ’. அதைக் கையில் வாங்கிய தமிழ் எழுத்தாளர் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்ற நான்கில் ஒன்றைப் பிடித்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தைப்போல் நழுவிப் போகத் தமிழில் வழி கிடையாது. படம் பார்க்க நேரமில்லாமல், வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக முடிக்க வேண்டிய வேலையென்றால் குருட்டாம்போக்கில்தான் பிடிப்பார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் கொரிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கிறது. மரியாதையும் அவமரியாதையும் அதன் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேரே வந்திருந்தால் அப்படியே நம் கைக்கு வந்திருக்க வேண்டிய சரக்கு, ஊரைச் சுற்றி வந்ததில் சிந்திப் போகிறது.

சாதாரணக் காதல் கதையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாடு கொந்தளிக்கும் காலத்தில் நடக்கும் காதல் கதையில் முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 2011இல் தென்கொரியத் தொலைக்காட்சி நிறுவனமான கேபிஎஸ் 24 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘தி பிரின்சஸ் மேன்’. களம் 1453ஆம் ஆண்டு, அப்போது கொரியாவை ஆண்ட ஜோசன் அரசு. பத்து வயதில் அரியணை ஏறிய சிறுவன் தான்ஜோங். அவனுடைய சித்தப்பா சூயாங். சிறுவனுக்கு அரணாக நிற்கும் மூத்த அமைச்சர் கிம் ஜொங்சொ. சூயாங் ஒரு இரவில் அமைச்சரின் வீட்டு வாசலுக்கே போய் ஆள் வைத்து அவரை அடித்து வீழ்த்துகிறான். இரண்டே ஆண்டில் அரியணை அவன் கையில். அதன்பின் அவன் பெயர் மன்னர் செஜோ. இது வரலாறு. சூயாங்கின் மகள் செரியோங்கும் கிம் ஜொங்சொவின் மகன் சுங்யுவும் காதலித்தார்கள் என்பது தொடர். 1873ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பு ஒன்றில் கிடக்கும் செவிவழிக் கதைதான் அதற்கு விதை.

இந்தக் காதல் முழுக்க முழுக்க விளிப்பில் நடக்கிறது. செரியோங், சிறுவன் தான்ஜோங்கின் அக்காவான இளவரசி கியோங்ஹேவுக்குப் பதிலாகப் பாடம் கேட்க உட்காருகிறாள். ஆசிரியனாக வரும் சுங்யு அவளை இளவரசி என்றே நம்புகிறான். பிறகு அவள் வெறும் அரண்மனைப் பணிப்பெண் என்று நினைக்கிறான்; தன் வேலைக்காரியின் பெயரையே தன் பெயராக அவள் சொல்லிவைக்கிறாள். பிறகுதான் அவள் தன் தகப்பனைக் கொன்றவனின் மகள் என்று தெரிகிறது. சூயாங் மன்னனானதும் அவள் நிஜமாகவே இளவரசி. ஒரே பெண், நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் அவன் அவளோடு பேசும் முறை மாறியாக வேண்டும். ‘தாங்கள்’ என்று பயந்து பேசியவன் ‘நீ’ என்று விளையாட்டாகப் பேசுவதும், அதே ‘நீ’ பழிவாங்க வந்தவன் வாயில் கத்தியாக மாறுவதும் தமிழில் எவ்வளவு அழகாக வரும்! இதை ‘நீங்கள்’ என்ற ஒரே பாயில் சுருட்டிக்கொடுத்தால் அவர்கள் முத்தமிட்டுக்கொள்ளும்போதுதான் காதல் என்றே பார்ப்பவருக்குத் தெரியும்.

அரசியல் பக்கம் வந்தால் இன்னும் மோசம். 1456இல், பதவியிழந்த சிறுவனை மீண்டும் அரியணையில் ஏற்றச் சில அறிஞர்கள் சதி செய்து அகப்பட்டார்கள். தொடரிலும் அந்தச் சதி வருகிறது. விசாரணையைப் பற்றி வழங்கிவரும் கதையைக் கேளுங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடச் சுட, அந்த அறிஞர்களில் ஒருவரான சொங் சம்முன் மன்னன் செஜோவை ‘ஜொன்ஹா’ என்று அழைக்கவே இல்லை. ‘நாரி’ என்றே அழைத்தார். முன்னது அரசனுக்குரியது, பின்னது பெரிய மனிதர் யாருக்கும் பொருந்தும், ‘ஐயா’ என்பதைப்போல. “என் படியளப்பைத் தின்றவன்தானே நீ?” என்று செஜோ கேட்க, “தின்னவில்லை, வீட்டில் போய்ப் பாருங்கள் ஐயா” என்றாராம். போய்ப் பார்த்தால், செஜோ முடிசூடிய 1455 முதல் வந்த தானியம் அத்தனையும் ஓர் அறையில் அப்படியே இருந்தது.

இன்னொருவர் பாக் பேங்நியொன். “என் ஆளுநராக இருந்து ‘அடியேன்’ என்று எழுதியனுப்பியவன் இப்போது மறுக்கிறாயா?” என்று அவரைக் கேட்டான் செஜோ. அவர் அனுப்பிய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். அரசனின் ஊழியன் என்பதற்கான சீன எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம், அதே சாயலில் இருக்கும் ‘பெரிய’ என்ற எழுத்தைப் போட்டிருந்தார். மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நம் மனுக்களில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடிக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தை மாற்றி, யாரும் கவனிக்காமல் தலைநகருக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததைப்போல. இந்த மனிதர்கள் விளிச்சொல்லுக்காக உயிரைக் கொடுத்தவர்கள். அவர்கள் வாயில் “மன்னா, நான் தவறு செய்யவில்லை” என்று எழுதினால், சித்திரவதையில் பணியாதவர்களை நீங்கள் பணியவைத்துவிடுகிறீர்கள்.

தோற்ற சிறுவனின் கதையும் பெயரில்தான் இருக்கிறது. 1457இல் அவனை யோங்வோலுக்கு நாடுகடத்தினார்கள்; ‘நோசான் இளவரசன்’ என்று தகுதி குறைத்தார்கள்; அந்த ஆண்டே அவன் இறந்தான், பதினாறு வயது. ‘தான்ஜோங்’ என்ற அரச நாமம் 1698இல்தான் கிடைத்தது. 241 ஆண்டுகள் அவன் அரசனே இல்லை. ஆகவே தொடரில் யார் எந்த நாளில் அவனை அரசன் என்கிறார், யார் இளவரசன் என்கிறார் என்பதைக் கொண்டே யார் எந்தக் கட்சி என்று எழுதிவிடலாம். அந்தக் கொலை இரவின் பெயரும் அப்படித்தான். கொரியர் அதைக் ‘கேயு ஜொங்நான்’ என்பார்கள். கேயு என்பது நம் பிரபவ, விபவ போல அறுபதாண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டு. ஜொங்நான் என்றால் குழப்பத்தை அடக்கியது. கொன்றவன் தன் கொலைக்கு வைத்த பெயர். சூயாங்கின் ஆட்கள் பேசும்போது ‘ஆட்சிக்கவிழ்ப்பு’ என்று எழுதாதீர்கள். தன் வாயால் அப்படிச் சொல்வார்களா?

வெறும் பெயரில் மக்களும் பழி தீர்த்துக்கொண்டார்கள். சொங் சம்முன்னோடு சேர்ந்து கொரிய எழுத்து உருவாக்கத்தில் உழைத்த ஷின் சுக்ஜு, செஜோ பக்கம் சாய்ந்தார். தொடரில் சுங்யுவின் நண்பனாக வந்து எதிரியாகும் ஷின் மியொன் அவருடைய மகன்தான். கொரியச் சமையலில் பச்சைப்பயறு முளைக்கு இன்றும் சுக்ஜு நாமுல் என்று பெயர். சீக்கிரம் கெட்டுப்போகிற பண்டம் என்பதால் அவர் பெயரை வைத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

என்ன செய்யலாம்? கொரிய வசனத்தைக் கையில் வாங்குங்கள். முழுவதும் நேரே மொழிபெயர்க்கப் பணமில்லை என்றால், யார் யாரிடம் எந்தப் படியில் பேசுகிறார் என்று ஒரே ஒரு தாளில் குறித்துத் தரக் கொரிய மொழி தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள். ஆள் கிடைக்காது என்று சொல்ல வேண்டாம். சென்னையில் கொரிய வகுப்புகள் ஆண்டுக்கணக்காக நடக்கின்றன; ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கொரிய மேலாளர்களுக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு, ஒரு விகுதி தவறினால் என்ன நடக்கும் என்று நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

மறுபக்கம் சாய்ந்து ‘பிராணநாதா’, ‘தேவி’ என்று பழைய நாடகமேடைக்கும் போய்விட வேண்டாம். கொரியத்திலும் தமிழிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் அந்த ‘அப்பா’, ‘அம்மா’ ஒற்றுமையையும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். ஜோசன் காலத்து மகள் தகப்பனை ‘அபொனிம்’ என்றுதான் அழைப்பாள். ‘தந்தையே’ என்றால் போதும், ‘அப்பா’ அவள் குழந்தையாகிக் கெஞ்சும் இடத்துக்கு இருக்கட்டும்.

கொரியச் சொல்லை அப்படியே விடலாமா என்றால் சிலவற்றை விடலாம். ‘ஜொன்ஹா’ இரண்டு பகுதிகளில் பழகிவிடும். ‘நாரி’யை மட்டும் விடாதீர்கள். உடம்பெல்லாம் சுடப்பட்ட நிலையில் ஒரு மனிதர் அரசனைப் பார்த்து ‘நாரி’ என்றால், அவனைப் பெண் என்று கேலி செய்கிறார் என்றுதான் தமிழ் தெரிந்தவர் நினைப்பார். குறிலாகப் படித்தால் நரியாகிவிடும்; அது பொருத்தம்தான், ஆனாலும் வேண்டாம். ‘ஐயா’ என்று எழுதுங்கள். குரல் கொடுப்பவரிடம், அதைக் கத்தாமல், தெருவில் ஒருவரைக் கூப்பிடுவதுபோல் சொல்லச் சொல்லுங்கள். மாமியார் முறுக்கைக் கீழே வைத்துவிடுவார். தாய்மாமனா என்று கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலில்லாத
பார்வையாளர் ஒருவர்