நூல் வந்து சேர்ந்தது

மருதமுனை

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்து இருபது நாளாகிறது. தறிக்கு எடுப்பித்த நூல் கொழும்புச் சுங்கத்தில் கிடந்ததால் பதில் எழுத மனம் ஓடவில்லை. முந்தாநாள்தான் லொறி வாசலுக்கு வந்தது.

இந்தியாவிலிருந்து எடுப்பித்த பெட்டிகள் எல்லாமே பருத்தி நூல் என்றுதான் பட்டியலில் இருந்தது. சுங்கத்தில் திறந்து பார்த்தால் ஆறு பெட்டியில் பொலியெஸ்டர் நூல். வேறு யாருக்கோ கட்டியதை நமக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வரிப் பட்டியலில் பருத்தி 52ஆம் அத்தியாயம், மற்றது 55. கஸ்டெக் என்கிற சுங்க அறிவிப்புப் படிவத்தில் நாம் காட்டியது 52 மட்டும். அந்த ஆறு பெட்டிக்காக முழுச் சாமானையும் மறித்துவிட்டார்கள்.

கல்முனையில் இரவு பஸ் ஏறி மூன்று தடவை போய்வந்தேன். விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். சுங்கத்தில் நமக்குச் சாமான் எடுத்துத் தருகிற கிளியரிங் தம்பி சொன்ன ஒன்றை நீ கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்: மறித்து வைப்பது வேறு, கைப்பற்றுவது வேறு. மறித்தால் விளக்கம் கொடுத்து எடுக்க வழியுண்டு. கைப்பற்றியாயிற்று என்றால் 1869ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு வந்துவிடும். கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சாமானுக்கு உரிமை கோரப்போவதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், வழக்கு நடத்தப் பிணையும் வைக்க வேண்டும். தவறினால் சாமான் அரசுக்குத்தான். வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

அனுப்பியவர்கள் தங்கள் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் தந்தார்கள். வரி வித்தியாசமும் தண்டமும் கட்டி எடுத்தேன். அதைவிடப் பண்டகசாலை வாடகைதான் என்னை வருத்தியது. விசாரணை ஒரு பக்கம் நடக்க, வாடகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். குற்றமில்லை என்று முடிந்தாலும் அதைக் கட்டுவது நாம்தான். இது நியாயமே இல்லை மச்சான். சிறிய வியாபாரி இங்கேதான் முறிந்து போகிறான்.

பண்டகசாலைச் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளில் அடிப்பெட்டி ஈரம் குடித்திருந்தது. நூல் சுற்றிய கோனைக் கையில் எடுத்தால் புழுங்கல் நாற்றம், ஒரு பக்கம் தேயிலைச் சாயம் போல மஞ்சள். சாயம் போட்டால் அந்த இடம் திட்டாகத்தான் நிற்கும். இங்கே பக்கத்து வீட்டு ராத்தாவின் தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றது. குறுக்கே ஓட்டும் ஊடைக்கு நூலில்லை, அதை ஓட்டும் நாடா வெறுமையாகப் பலகையில் கிடந்தது. தறி நின்றால் அவவுக்குக் கூலியும் இல்லை.

2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்தபோது, இனிச் சாமான் நம் வாசலிலேயே இறங்கும் என்று நாம் கதைத்தது நினைவிருக்கிறதா? அதன் வாயை மணல் மூடுகிறது, பக்கத்துக் கரையைக் கடல் தின்கிறது. எதற்கும் கொழும்புக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

தோஹாவிலிருந்து மின்விளக்குச் சாமான் இறக்கப் போவதாக எழுதியிருந்தாய். சரி, செய். ஆனால் பெட்டி கட்டும்போது நீயே பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் எண்ணிப் படம் எடு. பட்டியலை எனக்கு முதலில் அனுப்பு, தம்பியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். அதற்குப் பிறகு கப்பலில் ஏற்று.

அந்த ஆறு பெட்டியும் கூடத்தில் இருக்கிறது. பொலியெஸ்டர் நூல் வாங்கக்கூடிய ஆள் யாரும் தெரிந்தால் சொல்லு.

உன் மச்சான்