எந்தப் பக்கம் படுத்தால் திணறுகிறது?

மதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். இதயத்துக்குள் வளரும் மிக்ஸோமா என்ற கட்டியைப் பற்றி எழுதுகிறேன். புற்றுநோய் இல்லை, ஆனாலும் உயிரை எடுத்துவிடும். என் அக்காவுக்கு அது இருந்தது. விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, எடை குறைந்துகொண்டே போனது, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவு எகிறியிருந்தது. காசநோயா, வாதக் காய்ச்சலா என்று மாதக்கணக்கில் தேடினார்கள். நம் ஊரில் இரண்டுமே உண்டு என்பதால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை எடுக்க வெகுநாள் யாருமே எழுதித் தரவில்லை.

பெரியவர்களுக்கு இதயத்திலேயே உருவாகும் கட்டிகளில் அதிகம் வருவது இதுதான். பெரும்பாலும் இடது மேலறையில், இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரிலிருந்து காம்போடு தொங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வுக்குள் இறங்கி வழியை அடைக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் வால்வு சுருக்கம் போலவே கேட்பது இதனால்தான். ஆனால் நோயாளி எழுந்து உட்கார்ந்தாலோ புரண்டு படுத்தாலோ கட்டி நகரும், சத்தம் மாறும், மூச்சுத்திணறல் கூடும் அல்லது குறையும். திடீர் மயக்கமும் வரலாம். எந்தப் பக்கம் படுத்தால் திணறுகிறது என்று தயவுசெய்து கேளுங்கள். அக்கா அதைத் தானாகவே சொன்னார். பதற்றத்தில் அப்படித் தோன்றுகிறது என்று பதில் வந்தது. பெண்களுக்கு இந்தப் பதில் மிகச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. இந்தக் கட்டியோ பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

இன்னொன்று பக்கவாதம். கட்டியின் துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். நாற்பது வயதுக்காரருக்கு, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமல், இதயத்துடிப்பும் சீராக இருக்கும்போது பக்கவாதம் வந்தால், மூளை ஸ்கேனோடு நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோவிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மருந்தால் கரையாது. வெட்டி எடுக்கத்தான் வேண்டும். 1954-இலேயே ஸ்டாக்ஹோமில் கிராஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர், இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு இதை எடுத்துக் காட்டிவிட்டார். கண்டுபிடித்த பிறகு அறுவையைத் தள்ளிப்போட விடாதீர்கள். அடைப்போ பக்கவாதமோ எந்த நாளும் வரலாம்.

அப்புறம், சிறு வயதிலேயே இந்தக் கட்டி வந்தவர்களுக்கும், உதட்டிலும் முகத்திலும் கரும்புள்ளிகள் நிறைய உள்ளவர்களுக்கும் இது பரம்பரையாக இருக்கலாம். அவர்களுடைய உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு எக்கோ எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் தங்கை