வெஸ்ட்மின்ஸ்டர் அபே கதீட்ரல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் திருமணம், அடக்கம், முடிசூட்டு என்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் எது நடந்தாலும் தமிழ் நாளிதழ்கள் அந்த ஆலயத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைக்கின்றன. 'வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல்' என்று ஒரு செய்தி, 'கேன்டர்பரி பேராயரின் தேவாலயம்' என்று இன்னொன்று. இரண்டும் பிழை. டில்லியில் தமிழில் ஆராதனை நடத்தும் சபைகளின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இந்தச் செய்திகளைத்தான் படிக்கிறார்கள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறோம்.

கதீட்ரல் என்றால் பிஷப்பின் ஆசனம் இருக்கும் ஆலயம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிஷப் இல்லை. எட்டாம் ஹென்றி 1540இல் அங்கிருந்த மடத்தைக் கலைத்துவிட்டு ஒரு பிஷப்பை அமர்த்தினார். அந்த ஏற்பாடு பத்தே ஆண்டுகள் நீடித்தது. பின்னர் முதலாம் எலிசபெத் 1560இல் கொடுத்த சாசனத்தின்படி அது டீன் என்ற தலைமைக் குருவும் கேனன்கள் என்ற உடன் குருமாரும் நடத்தும் ஆலயமானது. டீன் பதில் சொல்ல வேண்டியது அரசருக்கு மட்டுமே. துறவிகள் போய்விட்டாலும் மடம் என்று பொருள்படும் 'அபே' என்ற பெயர் தங்கிவிட்டது. உண்மையான வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் வேறு: விக்டோரியா தெருப் பக்கம், 1903இல் திறந்த, செங்கல்லில் கட்டிய ரோமன் கத்தோலிக்க ஆலயம். அபேயிலிருந்து கால் மணி நேர நடைதான். பத்திரிகையில் படித்த பெயரைச் சொல்லி டாக்சி ஏறுகிறவர் அங்கே போய் இறங்குவார்.

அபே போன்ற ஆலயங்களை ஆங்கிலத்தில் 'ராயல் பெக்யூலியர்' என்பார்கள். கணினி மொழிபெயர்ப்பு இதை 'அரச விசித்திரம்' ஆக்கிவிடுகிறது. இங்கே பெக்யூலியர் என்பதில் விசித்திரம் எதுவும் இல்லை. லத்தீன் மூலத்தில் அது ஒருவருக்கே உரிய சொத்தைக் குறிக்கும் சொல். இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதும் இல்லை. உத்திரமேரூரைச் சோழர் கல்வெட்டு 'காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று' என்கிறது. சிதம்பரத்தைத் 'தனியூர் பெரும்பற்றப்புலியூர்' என்கிறது. ஒரு கோட்டத்தின் அல்லது நாட்டின் நிலப்பரப்புக்குள் இருந்தும் நிர்வாகத்தில் தனிக்கூறாக நின்ற ஊர் தனியூர். அபேயின் நிலையும் இதுவே. லண்டன் பிஷப்பின் ஆளுகைப் பகுதியான லண்டன் திருமண்டலத்தின் நடுவே நிற்கிறது. லண்டன் பிஷப்புக்கு அங்கே அதிகாரம் கிடையாது. 'அரசத் தனியாலயம்' என்று எழுதினால் தமிழருக்கு உடனே விளங்கும்.

அரசர் வந்து போகும் ஆலயமெல்லாம் தனியாலயம் ஆகிவிடாது. பிழை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. கிறிஸ்துமஸுக்கு அரச குடும்பம் போகும் சாண்ட்ரிங்ஹாம் ஆலயம் நாரிச் திருமண்டலத்தின் சாதாரணச் சேகர ஆலயம், அதாவது ஊர்ச் சபையின் ஆலயம். பால்மோரல் அருகிலுள்ள கிராத்தி ஆலயம் ஸ்காட்லாந்து திருச்சபையுடையது, இங்கிலாந்துத் திருச்சபை வழியான ஆங்கிலிக்கனே அல்ல. 1981இல் சார்ல்ஸ், டயானா திருமணம் நடந்த செயின்ட் பால்ஸ் முறைப்படியான கதீட்ரல், லண்டன் பிஷப்பின் ஆசனம். ஆகவே செய்தி எழுதுகிறவர் கேட்க வேண்டியது யார் வந்தார் என்பதை அல்ல. தலைமைக் குருவை நியமிப்பது யார்? மேற்பார்வை விசாரணைக்கு உரிமை உள்ள 'விசிட்டர்' யார்? இரண்டுக்கும் விடை பிஷப்பிடம் போகாமல் அரசரிடம் போய் நின்றால் அது தனியாலயம்.

2018இல் இளவரசர் ஹாரி திருமணம் நடந்த விண்ட்சர் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் அப்படிப்பட்டது. மூன்றாம் எட்வர்ட் 1348இல் நிறுவிய அமைப்பு அது. இன்றுள்ள கட்டடத்தின் வேலை 1475இல் தொடங்கியது. லண்டன் கோபுரக் கோட்டைக்குள் எட்டாம் ஹென்றியின் ராணி ஆன் போலின் அடக்கம் செய்யப்பட்ட செயின்ட் பீட்டர் ஆலயமும், லங்காஸ்டர் கோமகன் என்ற முறையில் அரசருக்குச் சொந்தமான சவோய் ஆலயமும் இந்த வகையே.

'சாப்பல் ராயல்' மட்டும் சற்றுக் குழப்பும். அது முதலில் கட்டடத்தின் பெயரே அல்ல; அரசர் போகுமிடமெல்லாம் கூடப் போன குருமாரும் பாடகரும் சேர்ந்த குழுவின் பெயர். இசையமைப்பாளர்கள் டாலிஸ், பேர்ட், பர்செல் எல்லாரும் அந்தக் குழுவில் பணியாற்றியவர்கள். இன்று அது செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 6 அன்று அரசர் சார்பில் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் படைக்கும் வழக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் டீன் பதவியை நெடுங்காலமாகப் பெரும்பாலும் லண்டன் பிஷப்பே வகித்திருக்கிறார். அதை வைத்து அது பிஷப்பின் ஆலயம் என்று எழுதிவிடக் கூடாது. திருமண்டல அதிகாரத்தால் வரும் பதவி அல்ல அது. அரசர் தரும் நியமனம்.

இந்தியர் தெரிந்துகொள்ள வேண்டிய தனியாலயம் லண்டனிலுள்ள டெம்பிள் ஆலயம். சிலுவைப் போர்க்காலத் துறவி வீரர்களான டெம்ப்ளர்கள் கட்டிய அதன் வட்ட மண்டபம் 1185இல் பிரதிஷ்டையானது. முதலாம் ஜேம்ஸ் 1608இல் இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற இரு வழக்கறிஞர் சங்கங்களுக்கும் இடத்தைச் சாசனமாகக் கொடுத்து, ஆலயத்தையும் அதன் குருவையும் என்றென்றும் பராமரிக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். குருவின் பட்டம் 'மாஸ்டர்'. காந்தியடிகளும் நேருவும் வழக்கறிஞரானது இன்னர் டெம்பிளில்தான்.

பிஷப் தலையிட முடியாத இடத்தில் தகராறு வந்தால் என்ன ஆகும்? 1998இல் அபேயின் இசைத் தலைவரை டீனும் கேனன்களும் பணிநீக்கம் செய்தார்கள். முறையீடு விசிட்டரான ராணியிடம் போனது. ராணி தாமே விசாரிக்க இயலாதல்லவா? ஜான்சி பிரபு என்ற நீதிபதியைத் தம் சார்பில் அமர்த்தினார். அவர் பணிநீக்கம் செல்லும் என்றார். அதைச் செய்த விதம் சரியில்லை என்றும் சொன்னார். அதன் பிறகே இத்தகைய ஆலயங்களின் நிர்வாகத்தை ஆராய ஒரு குழு அமைந்து 2001இல் அறிக்கை தந்தது. நேரடி அரச அதிகாரம் என்பதை வெறும் பெருமைச் செய்தியாக எழுதும்போது இந்தப் பக்கம் விடுபட்டுவிடுகிறது.

2023 மே 6 முடிசூட்டில் கிரீடம் சூட்டியவர் இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த பிஷப்பான கேன்டர்பரி ஆர்ச்பிஷப். அதனால்தான் ஆலயமும் அவருடையது என்று எழுதிவிட்டார்கள். சூட்டும் உரிமை அவருடையது, ஆலயத்தின் பொறுப்பு டீனுடையது. அபிஷேக எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தவரும் டீன்தான்.

லண்டன் போகிறவர்களுக்கு: அபேயில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, ஆராதனைக்குக் கட்டணம் இல்லை. மாலை ஆராதனைக்கு முன்கூட்டியே போய் வரிசையில் நில்லுங்கள். விண்ட்சர் ஆலயத்தில் ஞாயிறன்று பார்வையாளரை விடமாட்டார்கள். ஆராதிக்க வருகிறவரை விடுவார்கள்.

நம் டில்லியைப் பற்றியும் ஒரு திருத்தம். ராஷ்டிரபதி பவன் அருகே ஹென்றி மெட் வடிவமைத்த கதீட்ரலுக்கு 'வைஸ்ராய் ஆலயம்' என்று பெயர் வழங்குவதால் அதையும் அரச ஆலயம் என்று எழுதுகிறார்கள். வைஸ்ராய் அங்கே ஆராதிக்க வந்தவர், ஆண்டது பிஷப். இந்திய ஆங்கிலிக்கன் சபைக்கும் அரசுக்கும் இருந்த சட்டத் தொடர்பு 1930இலேயே அறுந்தது. அந்தக் கதீட்ரல் இன்று வட இந்தியத் திருச்சபையின் டில்லி திருமண்டலத்தைச் சேர்ந்தது.

கடைசியாக ஒரு சொல் சிக்கல். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர் என்றால் சேகரத்துக் குருவானவர், பேராயர் என்றால் பிஷப். கத்தோலிக்க வழக்கில் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். 'லண்டன் ஆயர்' என்று தாங்கள் அச்சிட்டால் வாசகரில் ஒரு பகுதியினர் ஏதோ ஒரு சேகரத்துக் குருவானவர் என்றே படிப்பார்கள். இங்கிலாந்துச் செய்திகளில் மட்டுமாவது பிஷப், ஆர்ச்பிஷப், டீன் என்றே போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாறு பயிலும் வாசகர்கள் சிலர்,
கரோல் பாக், புது டில்லி