பட்டும் புட்டும் ஜோடிதான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு அந்தக் குளிர் இப்போது பழகிவிட்டதா?

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒர்க்‌ஷீட்டைப் பெரிசாக்கிப் பார்த்தேன். 'ஆனால்' என்று அர்த்தம் வருகிற பட், 'வை' என்று அர்த்தம் வருகிற புட், இந்த இரண்டையும் ஒரே மாதிரி ஒலித்து முடிகிற ஜோடி, அதாவது ரைம், என்று சின்னவன் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறான். டீச்சரும் டிக் போட்டிருக்கிறார். "டீச்சருக்கே தெரியவில்லையா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன் பிள்ளை சரியாகத்தான் சேர்த்திருக்கிறான், டீச்சரும் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரைம் என்பதைக் காதால்தான் பார்க்க வேண்டும். ஒரு சொல்லில் அழுத்திச் சொல்கிற உயிரொலியும் அதற்குப் பின்னால் வருவதெல்லாமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் நிற்கும் ஒலி மட்டும் மாறியிருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். எழுத்துக்கூட்டலுக்கு அதில் வேலையே இல்லை. லைட், கைட், ஹைட் மூன்றும் நல்ல ரைம். எழுதிப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். ஆனால் ஹைட்டுக்கும் வெயிட்டுக்கும் முதல் எழுத்தைத் தவிர மற்ற எல்லா எழுத்தும் ஒன்றே, காதுக்கு மட்டும் ஒட்டவே ஒட்டாது. தலை வாரும் சீப்புக்கு கோம், கல்லறைக்கு டூம், வெடிகுண்டுக்கு பாம். இந்த மூன்றும் ஒரே மாதிரி ஓ, எம், பி என்று முடிந்துவிட்டு மூன்று விதமாக ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்துக் கூட்டம் ஒன்று இருக்கிறது. டஃப், காஃப், தோ, த்ரூ, மரக்கிளையைச் சொல்லும் பௌ, ஐந்தும் அதே நான்கு எழுத்தில்தான் முடிகின்றன. ஐந்தில் எந்த இரண்டும் ரைம் ஆகாது.

இது யாரோ வேண்டுமென்றே செய்த குழப்பம் இல்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் போட்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக்கூட்டல் உறைந்துபோக ஆரம்பித்தது. ஆனால் ஜனங்களின் வாய் உறையவில்லை. ஏறக்குறைய 1400-லிருந்து 1700 வரைக்கும் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. பேச்சு நகர்ந்துவிட்டது, எழுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பழைய கவிதைகளைப் படித்தால் இது அப்படியே தெரியும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப், குடிக்கிற டீயை, கீழ்ப்படிவதைச் சொல்லும் ஒபே என்ற சொல்லோடு ஜோடி சேர்த்திருக்கிறார். அப்போது அது 'டே'. அதனால் அந்த நாளில் குறை சொல்ல ஒன்றுமில்லாத ரைம். ஷேக்ஸ்பியர் எழுதிய சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதைகளில் 116ஆவதின் கடைசி இரண்டு வரிகள் புரூவ்ட், லவ்ட் என்று முடியும். அவர் காலத்துக் காதுக்கு அவை இப்போதைவிட நெருக்கமாக ஒலித்திருக்கும்.

சரி, நம் பட், புட் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் இங்கிலீஷ் படித்த எல்லோரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி இது: "ஒன்று பட் என்றால் இன்னொன்று ஏன் புட்?" என் வகுப்பில் வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது எழுந்து நின்று கேட்கும். அதற்கான பதில் நீ குடியிருக்கிற வடக்கு இங்கிலாந்து ஊரான லீட்ஸில்தான் இருக்கிறது, பாப்பா. முன்னே இந்த இரண்டு சொல்லிலும் ஒரே 'உ'தான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தில் அந்த 'உ' இரண்டாகப் பிரிந்தது. பட், கப், லவ் மாதிரியான சொற்களில் அது 'அ' பக்கம் நகர்ந்துவிட்டது. உதடு குவிகிற ஒலிகளுக்குப் பக்கத்தில் மட்டும் பல இடங்களில் பழைய 'உ' அப்படியே தங்கிவிட்டது. புட், புல், ஃபுல் எல்லாம் அப்படித் தப்பியவை. இந்தப் பிரிவினை வடக்குக்கு வந்து சேரவே இல்லை. லீட்ஸ்காரர்கள் வாயில் பஸ் இன்றைக்கும் 'புஸ்', கப் 'குப்'. சின்னவன் உன்னை 'மும்' என்று கூப்பிடுகிறான், கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது என்று போன மாசம் சொன்னாயே, அதுவும் இதேதான். தெற்கே பிரிந்துபோன ஜோடியை உன் பிள்ளை பிரியாமல் வைத்திருக்கிறான்.

இன்னும் சிலது வரும். வரும்போது பதறாதே. இரத்தத்துக்கு உண்டான பிளட், நல்லதைச் சொல்லும் குட், இரண்டையும் ரைம் என்பான். லீட்ஸில் அது ரைம்தான், இரண்டிலும் 'உ'. புல்லைச் சொல்லும் கிராஸை லண்டனில் நீட்டி ஆ போட்டுச் சொல்வார்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான் சொல்வார், சென்னையில் எல்லோரும் அப்படித்தான். உன் பிள்ளைக்கு அது அடுப்பு எரிக்கிற கேஸோடு ரைம் ஆகும். இன்னொன்று, சாப்பிடுகிற ஃபோர்க்கையும் பேசுகிற டாக்கையும் ஜோடி என்பான். நாம் ஃபோர்க்கில் 'ர்' சொல்கிறோம், அதனால் நமக்கு ஒட்டாது. இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் அந்த 'ர்' விழுந்துவிட்டது, லீட்ஸிலும் லண்டனிலும் அந்த இரண்டும் சரியான ஜோடி. அமெரிக்காவில் 'ர்' இருக்கிறது, அங்கே அவை ஒட்டாது. ஆங்கிலம் பேசுகிற எல்லோருக்கும் பொதுவாக ரைமிங் வார்த்தைகளின் ஒரே பட்டியல் போட முடியாது. பட்டியல் ஊருக்கு ஊர் மாறும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீ திருத்த ஆரம்பித்தால் அவன் தன் வாயையே சந்தேகப்பட ஆரம்பிப்பான். அந்த ஊரில் அது நடந்திருக்கிறது. டோனி ஹாரிசன் என்ற கவிஞர் லீட்ஸில் 1937-ல் பிறந்தவர். ரொட்டி சுடுகிறவரின் மகன். பள்ளியில் கீட்ஸின் கவிதையைத் தன் ஊர் உச்சரிப்பில் வாசித்தபோது ஆசிரியர் நிறுத்திக் கேலி செய்ததை, பெரியவரான பிறகு ஒரு கவிதையாகவே எழுதினார். அதில் ஒரு வரி வருகிறது: வேர்ட்ஸ்வொர்த்துக்கு மேட்டரும் வாட்டரும் முழு ரைம். வேர்ட்ஸ்வொர்த்தும் வடக்கத்திக்காரர்தான், கம்பர்லாந்து மண்ணில் பிறந்தவர். பாடப்புத்தகத்தில் நாம் பயபக்தியோடு படித்த அந்தக் கவிஞரின் காது உன் பிள்ளையின் காதுக்குத்தான் பக்கம், பிபிசியில் செய்தி வாசிப்பவர் காதுக்கு இல்லை. அதனால் அவன் உச்சரிப்பு 'கொச்சை' என்று வீட்டில் ஒருவர் வாயிலும் வரக்கூடாது. மாப்பிள்ளையிடமும் நான் சொன்னதாகச் சொல்.

நமக்கு ஏன் இது கஷ்டமாக இருக்கிறது என்றும் யோசித்துப் பார்த்தேன். நம் காது தலைப்பக்கம் பழகிய காது. அகர, பகவன் என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை. இயைபு என்று கடைசியில் ஒன்றுவதும் இலக்கணத்தில் இருக்கிறது, ஆனால் நம் பாட்டுக்கு உயிர் எதுகையிலும் மோனையிலும்தான். ஆங்கிலமும் ஆதியில் அப்படித்தான் இருந்திருக்கிறது! பெயவுல்ஃப் முதலான பழைய ஆங்கிலப் பாட்டெல்லாம் மோனையால் கட்டியவை. லத்தீன் தோத்திரப் பாடல்களின் பழக்கமும், 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த பிரெஞ்சின் செல்வாக்கும் சேர்ந்துதான் வால்பக்க ரைம் அங்கே வேரூன்றியது. வேரூன்றிய பிறகும் மில்டன் 1667-ல் தன் பெரிய காவியத்தை ரைமே இல்லாமல் எழுதினார். அடுத்த வருஷப் பிரதிகளில் சேர்த்த குறிப்பில் ரைமை நாகரிகமற்ற காலத்தின் கண்டுபிடிப்பு என்றே சாடியிருக்கிறார். எனக்கு மில்டனைப் பிடிக்கும், ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை. நிலாவைக் கூப்பிடும் நம் பாட்டில் ஓடி வா, ஏறி வா, கொண்டு வா என்று வரும்போது எந்தக் குழந்தை 'வா'வுக்காகக் காத்திருக்காமல் இருக்கிறது? தூங்கும்போது அதையும் பாடு. இரண்டு பக்கமும் கேட்கிற காது அவனுக்கு வரட்டும்.

ரைம் வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதே. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொள்வார்கள். பூனைக்கும் 'கேட்', வாசலில் இருக்கிற இரும்புக் கதவுக்கும் 'கேட்'. தமிழ் எழுத்தில் அந்த இரண்டு உயிரொலியும் ஒன்றாகிவிடும். புத்தகத்தைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பிப்பார்கள், ஒரு புது வார்த்தையைக் காட்டினால் நின்றுவிடுவார்கள். அதற்கு நான் ஒன்று செய்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறாய். தினசரி காலண்டரின் பின்னட்டையை எடுத்து, வலது பக்கம் ஏ, எல், எல் என்று பெரிசாக எழுதுவேன். அதற்கு இடப்பக்கம் பிளேடால் மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல். அந்த இரண்டு கீறலுக்குள் ஒரு காகிதப் பட்டை. பட்டையை இழுக்க இழுக்க முதல் எழுத்து மட்டும் மாறும்: பால், கால், ஃபால், ஹால், டால், வால். சொல்லின் கடைசிப் பகுதி, அதாவது அதன் வால், அப்படியே இருக்கும், தலை மட்டும் மாறும். மூன்றாவது இழுப்பிலேயே பிள்ளைகள் எனக்கு முன்னால் கத்திவிடுவார்கள். அவர்களாக வாசித்த முதல் புது வார்த்தை அதுதான், அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தொடங்காத 4, 5 வயசுக் குழந்தைகள் சுமார் 400 பேர். சில வார்த்தைகளைச் சொல்லி, எது ஒட்டவில்லை என்று கேட்டார்கள். பின்னாலும் சில வருஷம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். அந்தச் சின்ன வயசில் ஒலி ஒற்றுமையைச் சரியாகப் பிடித்தவர்கள்தான் பிறகு வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னே நின்றார்கள். அவர்களில் சிலருக்குத் தனியாகப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒலியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் வைத்துப் பழகியவர்கள் ஒலி மட்டும் பழகியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அமெரிக்காவில் வைலி, டுரெல் என்ற இருவர் 1970-ல் கணக்குப் போட்டுச் சொன்னது இன்னொன்று: 37 வால்கள் தெரிந்தால் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு வேண்டிய ஏறக்குறைய 500 சொற்கள் கைக்கு வந்துவிடும். அந்த ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த எழுத்து டப்பாவை எடுத்து வெளியே வை, அட்டைப்பெட்டிக்குள் கிடந்து என்ன பிரயோஜனம்.

அப்புறம், அடுத்த வருஷம் இயர் ஒன்னில் ஜூன் மாசம் அவனுக்கு ஃபோனிக்ஸ் செக் என்ற வாசிப்புப் பரீட்சை இருக்கும். 2012-லிருந்து இங்கிலாந்து முழுக்க நடக்கிறது. மொத்தம் 40 வார்த்தை, அதில் 20 அர்த்தமே இல்லாத பொய் வார்த்தை, பக்கத்தில் ஒரு விசித்திர ஜந்துவின் படம் போட்டிருக்கும். மனப்பாடம் செய்தவனா, ஒலி பிடித்து வாசிக்கிறவனா என்று பார்க்கத்தான் அது. குழந்தையின் ஊர் உச்சரிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பரீட்சையின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆகவே 'உ' சொன்னால் மார்க் போகுமே என்ற கவலையும் உனக்கு வேண்டாம். டியூஷன் எல்லாம் வைக்காதே. பஸ்ஸில் போகும்போது ஒரு வார்த்தை நீ சொல், ஒன்று அவன் சொல்லட்டும். அவன் இல்லாத வார்த்தையை உண்டாக்கினால் அதையும் ஒத்துக்கொள், பொய் வார்த்தைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. டைம், லைன் என்று பக்கத்தில் வருகிற ஒலியைச் சொன்னால் "கிட்டத்தட்ட!" என்று மட்டும் சொல்லி விட்டுவிடு, அடுத்ததில் அவனே பிடித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரும்போது மாசத்தைக் குறிக்கும் மன்த் என்ற சொல்லுக்கு ஒரு ஜோடி கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். ஆங்கிலத்தில் அதற்குச் சரியான ஜோடி கிடையாது. நீ முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடாதே. அவனாக ஏதாவது ஒன்று செய்து கொண்டுவரட்டும், அம்மாச்சி அதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று சொல். காந்த எழுத்தில் ஏதாவது தொலைந்திருந்தால் எது எது என்று எழுதி அனுப்பு, அடுத்த பார்சலில் வடகத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா