ஏஎம் ரேடியோவும் ஒரு பூப்போட்ட கவுனும்

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, திட்டாத. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதே பெரிய விஷயம், ஆனா அதுக்குள்ள பட்டறைக்கு வந்து சாயத் தொட்டிய எட்டிப் பாக்குறார்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் சிரிச்சிட்டேன், மனுஷன் மாறவே மாட்டார்.

இங்க எனக்கு ஆபீஸ் மாறிடுச்சு. ஓஹாயோல சோளக்காட்டு நடுவுல போக ஒரு மணி வர ஒரு மணி, கார் பழசு, ப்ளூடூத் செத்துப்போச்சு, இருக்கறது ஏஎம் ரேடியோ ஒண்ணுதான். அதுல சோயா விலை, சர்ச் பிரசங்கம், அத விட்டா கன்சர்வேடிவ், அதான் வலதுசாரி அரசியல் பேசற டாக் ஷோ. நானும் மொதல்ல வெறுப்பாதான் கேட்டேன், இப்ப பழகிடுச்சு, சில நாள் பார்க்கிங்ல வண்டிய நிறுத்திட்டு முடியற வரைக்கும் உக்காந்திருக்கேன்னா பாத்துக்கோ.

எல்லாரும் ரஷ் லிம்பான்னு இந்த மாதிரி ஷோ நடத்தின ஒரு ஆள் போட்ட ரோட்லதான் ஓடறாங்க, ஆள் 2021லயே போய்ச் சேந்தாச்சு. சர்ச்சையான விஷயம் பேசினா எதிர்த்தரப்புக்கும் நேரம் குடுக்கணும்னு 1949லேந்து இங்க ஒரு விதி இருந்துச்சு, 1987ல அத எடுத்தாங்க, பாட்டெல்லாம் எஃப்எம் பக்கம் போயி ஏஎம் ஸ்டேஷன்லாம் ஈ ஓட்டிட்டு இருந்த நேரம், மனுஷன் 1988 ஆகஸ்ட்ல நியூயார்க்ல மைக் முன்னாடி உக்காந்தார். தினம் மூணு மணி நேரம், கெஸ்ட் பெரும்பாலும் கிடையாது, தனி ஆளு, மைக்கு கிட்டயே பேப்பர கசக்கி சத்தம் குடுப்பார், மேஜைய தட்டுவார், போன் பண்றவன் "டிட்டோ"ன்னு, அதான் நானும் அதேதான்னு, சொல்லிட்டுதான் பேச்சையே ஆரம்பிப்பான். கொள்கை கிடக்கட்டும், அந்த பேச்சு வித்தை இருக்கே, நம்ம மேடைப் பேச்சாளருங்களே கத்துக்கலாம்.

போன வாரம் இங்க லோக்கல் ஆள் ஒருத்தர், பேர் வேணாம், துணி மில்லு மூடின கதைய எடுத்தார். அப்பா தாத்தா வேல பாத்த மில்லு, ஊரே காலி, நிஜமாவே எனக்குத் தொண்டை அடைச்சுது. விளம்பர இடைவேள முடிஞ்சு திரும்பி வந்தா பேச்சு ஏதோ விழாவுக்கு ஒரு அம்மா போட்டுட்டு வந்த கவுனு மேல போயிடுச்சு, எந்த நாட்டுல தச்சது, எவ்ளோ விலை, முதுகு எவ்ளோ தெரியுது, நாப்பது நிமிஷம் இதேதான்டா! மில்ல மூடிட்டுப் போன முதலாளிய பத்தி ஒரு வார்த்த இல்ல.

வீட்ல வந்து புலம்புனேன். பொண்ணுதான் இப்ப உடை வரலாறு படிக்கறாளே, "அப்பா இது 1719 கதப்பா"ன்னா.

அந்த வருஷம் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிங்களுக்கு வேல இல்ல, காரணம் நம்ம சோழமண்டலக் கரை, வங்காளம் பக்கத்துலேந்து போன பருத்தித் துணி. அச்சடிச்ச துணி வரக்கூடாதுன்னு 1700லயே சட்டம் போட்டாச்சு, ஆனா வெள்ளைத் துணியா வந்து லண்டன்லயே பூப்போட்டு வித்துட்டு இருந்தாங்க. நெசவாளிங்க 1697ல அத இறக்குமதி பண்ண கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸையே அடிக்கப் போனவங்கதான், ஆனா 1719ல கோவம் தெருவுல போற பொம்பளைங்க மேல திரும்பிடுச்சு, காலிகோ, அதான் இந்தப் பருத்தித் துணி, அதுல கவுன் போட்டவள பாத்தா கிழிச்சாங்க, மை ஊத்தினாங்க, ஆசிட்டே வீசினாங்க. "காலிகோ மேடம்"னு கேலி பண்ணி துண்டுப் பிரசுரம் வேற. இதுக்கு எழுத்தால தூபம் போட்டது யார் தெரியுமா, அதே வருஷம் ராபின்சன் குரூஸோ எழுதின டேனியல் டெஃபோ! தரையில விரிச்ச துணி இப்ப சீமாட்டிங்க முதுகுல ஏறிடுச்சுன்னு முன்னாடியே எழுதின ஆள்தான். கையில ஒரு மைக்கு இல்லாத குறைதான்.

1721ல சட்டம் வந்துச்சு, பூப்போட்ட பருத்தி போட்டா போட்டவளுக்கு அபராதம். கம்பெனிக்காரன் மட்டும் அத லண்டன்ல இறக்கி வெளிநாட்டுக்கு வித்துக்கலாம், அதுக்குத் தடையே இல்ல. 1774 வரைக்கும் இப்படியே.

சரி, ஏன் பொம்பளைங்க அவ்ளோ அடம் புடிச்சாங்கன்னு கேட்டேன். கம்பளியும் பட்டும் தொவைக்க லாயக்கில்ல, இது தண்ணியில போட்டாலும் செவப்பு போகாது, அவ்ளோதான். அப்ப அவங்க போட்டது மேன்ட்டுவான்னு ஒரு கவுன், துணிய ரொம்ப வெட்டாம மடிப்பு மடிப்பா முதுகுல புடிச்சு தைக்கறது, ஏன்னா தையக்கூலிய விட துணிதான் விலை, தையலப் பிரிச்சா மறுபடி வேற கவுன் தச்சுக்கலாம். அந்த வேலைய செஞ்சவங்களும் பொம்பளைங்கதான், அது வரைக்கும் பெரிய கவுனெல்லாம் ஆம்பள தையக்காரன் கையில இருந்துச்சாம்.

லண்டன் மியூசியத்துல இருக்கற கவுன் ஒண்ண போன்ல பெருசு பண்ணிக் காட்டினா. வெள்ளைத் துணி, செவப்புப் பூ, ஒரு இதழ் ஓரத்துல செவப்பு கோட்ட தாண்டி கொஞ்சம் கசிஞ்சிருக்கு, யாரோ கை நடுங்கிருக்கு. அது சாயவேர் செவப்பு மாப்ள, செடி வேர்லேந்து எடுக்கற சாயம். உங்கப்பா சாயவேர பாத்திருக்காரா, அவங்க அப்பா காலத்துல பட்டறைல இருந்துச்சான்னு பொண்ணு கேக்கச் சொன்னா. அவர் உக்காந்து பேசற நேரமா பாத்து கேட்டு எழுது, வாய்ஸ் மெசேஜா அனுப்பினாலும் சரி, கார்ல கேட்டுக்கறேன், ஆனா ப்ளூடூத் ரிப்பேர் பண்ணணும்.

உன்
பழைய பெஞ்ச் மேட்