ஆப்பரேட்டர் அண்ணனுக்கும் சோடா அக்காவுக்கும்

சோழவந்தான் பக்கத்தில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மண்டபம். பந்தியில் எனக்கு இலை விழுந்த இடம், குத்துமதிப்பாகப் பார்த்தால், திரைக்கு நேர் கீழே. பக்கத்து இலைப் பெரியவரிடம் ஆப்பரேட்டர் அண்ணனைப் பற்றி விசாரித்தேன். "அவரு போய்ச் சேர்ந்து வருசக் கணக்காச்சேப்பா" என்றார். அதற்குப் பிறகு ரசம் இறங்கவில்லை. உங்களில் ஒருவருக்குக்கூட நான் நன்றி சொன்னதில்லை. பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது, விலாசத்துக்கு எங்கே போவேன்? அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

1978-ல் எனக்கு 9 வயது. தரை டிக்கெட் நாலணா. பொழுது சாய்ந்ததும் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்கும். கவுண்டர் திறக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கொடிக்கால் வேலை முடித்து வந்து அப்பா மடியிலிருந்து காசை அவிழ்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

டிக்கெட் கிழித்த மாமாவுக்கு முதல் நன்றி. இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது என்பது அவர் வைத்த சட்டம். என் தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது, நல்ல கனம். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளும். அந்த நேரம் பார்த்து மாமா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

உள்ளே எல்லோரும் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவார்கள். மறைக்குது என்று பின்னால் இருப்பவன் அதை உதைத்துக் கலைப்பான், சண்டை வரும். எனக்கு அந்த வம்பே இல்லை. திரைக்கு ஐந்தடி தள்ளி, முதல் ஆளாக, அண்ணாந்தபடி உட்கார்ந்துவிடுவேன். எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் கொட்டகையில் இன்னும் கத்தி சுழற்றிக்கொண்டிருந்தார். அடிக்கிறது அவரா நம்பியாரா என்று தெரிய நான் அங்கேதான் உட்கார வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மக்கு என்று எனக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. அதையும் நம்பியிருந்தேன்.

கொட்டகையில் ஒற்றை மெஷின்தான். ஸ்பூல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ஒரு படத்துக்கு மூன்று, சில படத்துக்கு நான்கு. ஒவ்வொரு இடைவேளைக்கும் பொடியன்கள் நாங்கள் ஆப்பரேட்டர் ரூம் படியில் போய் நிற்போம், வெட்டிப்போட்ட பிலிம் துண்டுக்காக. "இந்தா, 24 கட்டம் ஓடினாத்தான் ஒரு செகண்டு. உன் கையில இருக்கிறது அதில பாதிகூட இல்ல" என்று சொல்லித்தான் கொடுப்பார். மறுநாள் பியூஸ் போன குண்டு பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடிச் சில்லால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டுவேன். கொட்டகை முதலாளி நான்தான். ஆனால் படம் தெளிவாக விழுகிறதா என்று தங்கச்சிதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அண்ணன் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ரூமுக்குள் அனலும் புகையும். மெஷினுக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் நுனிக்கு நுனி எரிந்துகொண்டிருந்தன. எரிய எரிய அவை குட்டையாகிவிடும். இடைவெளி அகன்றால் திரையில் வெளிச்சம் மங்கும், கொட்டகை முழுக்க விசில் பறக்கும். அதனால் அவர் கை திருகை விட்டு நகரவே நகராது. திருகிக்கொண்டே, "ஓட்டை வழியாப் பாத்து போக்கஸ் சரியா இருக்கான்னு சொல்லு தம்பி" என்றார்.

பார்த்தேன். "மங்கலா இருக்குண்ணே."

லென்ஸைத் தொட்டார். "இப்ப?"

"இன்னும் மங்கல்தாண்ணே."

அவர் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பிலிம் துண்டை வாங்கி, "இதைப் பாரு" என்று திருப்பிக் கொடுத்தார். நான் வழக்கம்போல மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். "படத்தில மங்கல் இல்லடா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. "அண்ணே, பயலுக்குக் கண்ணுல கோளாறு இருக்கு. தள்ளிப்போடாம மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவிடம் அன்றைக்குப் பஸ்ஸுக்குக்கூடக் காசு இல்லை. சாயங்காலத்துக்குள் விஷயம் சோடாக் கடைக்குப் போய், அக்கா முந்தியில் முடிந்திருந்த 10 ரூபாயோடு வந்துவிட்டார். முறுக்கும் கலரும் விற்றுச் சேர்த்த காசு அது.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியிருந்தார். அங்கே நான் எழுத்துகளைத் தப்புத் தப்பாகச் சொல்லச் சொல்ல, முகம் சுளிக்காமல் சில்லை மாற்றி மாற்றிப் போட்ட அந்த அம்மாவுக்கும் நன்றி. இவ்வளவு தூரம் வந்தாச்சு, தங்கம் தியேட்டரில் ஒரு படம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அழுதேன். "கண்ணாடி வரட்டும்டா" என்றார் அப்பா.

கண்ணாடி வந்த அன்று சாயங்காலம் எங்கள் கொட்டகைக்குத்தான் போனேன். மாமா என் தரை டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, "பெஞ்சில போய் உக்காருடா தொரை" என்றார். அன்றைக்குத்தான் தெரிந்தது, திரையின் இடது மூலையில் கையகலத்துக்கு ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள். யார் அழுதாலும் யார் சண்டை போட்டாலும் என் கண் அந்தத் தையலிலேயே நின்றது. படத்தின் கதை இன்றைக்கும் நினைவில்லை.

ஆப்பரேட்டர் அண்ணன் வீட்டாருக்கும், மாமா வீட்டாருக்கும், அக்காவுக்கும் என் கும்பிடு.

இப்படிக்கு,
முன்வரிசைப் பையன்

பின்குறிப்பு: அந்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அம்மா சொல்வாள். "அடுத்த படத்துக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்று அக்கா சொன்னதுதான் எனக்கு ஞாபகம். அக்கா வீட்டார் யாராவது இதைப் படித்தால் தெரியப்படுத்துங்கள், கணக்கு முடிக்க நேரில் வருகிறேன்.