முதலில் ஊசியிலை, அப்புறம் பூச்செடி

அன்பு நண்பா,

உன் கடிதமும் பென்சிலால் வரைந்த தோட்டப் படமும் கிடைத்தன. கல்லூரி நாட்களில் வரைந்த மாதிரியேதான் இருக்கிறது; வாசல் எது, மரம் எது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். அதற்காக மண்வெட்டியை நீயே தூக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 11 மீட்டர் நீளத்தில் 9 ஊசியிலை மரங்களைக் குறித்திருக்கிறாய். பாதி போதும். நர்சரித் தொட்டியில் முழங்கால் உயரத்தில் நிற்கும்போது எல்லாமே சாதுவாகத்தான் தெரியும். தொட்டியில் தொங்கும் பெயர்ச்சீட்டில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் 10 வருடத்தில் எட்டுவது. அதோடு மரம் நின்றுவிடாது. குட்டை ரகம் என்றாலும் வளராத ரகம் இல்லை, வருடத்துக்கு 2.5 முதல் 15 செ.மீ. வரை வளர்பவற்றைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 15 என்றே வைத்துக்கொள்: 20 வருடத்தில் 3 மீட்டர். உன் ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது?

நான் பட்டதைச் சொல்கிறேன். படிக்கிற அறை ஜன்னலுக்கு நேர் கீழே துஜா என்ற ஊசியிலை மரம் ஒன்றை வைத்தேன். ஏழாம் வருடம் அறையே இருட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரியோடு இறங்கி, பச்சையைத் தாண்டி உள்ளே இருந்த பழுப்புக் கிளை வரை வெட்டித் தள்ளினேன். துளிர்த்துவிடும் என்று நம்பிக்கை. ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் பழைய மொட்டைக் கிளையிலிருந்து துளிர்ப்பதில்லை, யூ மாதிரி சில மரங்கள்தான் விதிவிலக்கு என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று வருடம் அந்தப் பழுப்பு ஓட்டையைப் பார்த்துக்கொண்டே படித்தேன். கடைசியில் வேரோடு எடுத்தேன்.

வேலிக்கு லெய்லேண்ட் சைப்ரஸ் வேண்டாம். வருடத்துக்கு ஒரு மீட்டர்கூட ஏறும். வைத்தவர் ஏணியிலேயே குடியிருக்க வேண்டும். வாசல் மூலைக்கு ஆல்பர்ட்டா குட்டை ஸ்புரூஸ் வை. கத்தரி படாமலே கூம்பாக நிற்கும், வளர்வதும் நிதானம். 1904-ல் கனடாவில் கண்டெடுத்த, வெள்ளை ஸ்புரூஸ் என்ற பெரிய மரத்தின் ஒரு பிறழ்வு, அதாவது இயற்கையாகக் குணம் மாறி வந்த குட்டை வடிவம் இது. அதனால் ஒரு வேடிக்கையும் உண்டு. போன வசந்தத்தில் என்னுடையதன் தோள்பட்டையிலிருந்து ஒரு கிளை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தது. மற்ற ஊசிகள் பஞ்சு மாதிரி நெருக்கமாக இருக்க, இதில் மட்டும் முரட்டு ஊசிகள், இடைவெளி விட்டு விட்டு. பாட்டன் குணம் திரும்பிவிட்டது! அடியோடு வெட்டினேன், விட்டிருந்தால் அந்தக் கிளை மரத்தையே விழுங்கியிருக்கும். வெயில் அடித்துச் சுடும் சுவரோரம் மட்டும் வைக்காதே, சாறு உறிஞ்சும் பொடிப்பொடியான சிலந்திப்பேன் வரும். சந்தேகம் வந்தால் கிளைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான்.

இடையில் காலியாகத் தெரியுமே என்பாய். அங்கேதான் பல்லாண்டுச் செடிகள், அதாவது ஒருமுறை நட்டால் பல வருடம் வாழும் பூச்செடிகள். நிழலில் ஹோஸ்டா, வெயிலில் டேலில்லி, எக்கினேசியா, சீடம். மரம் அகலமாகும்போது இவற்றைத் தோண்டி, பிரித்து, தள்ளி நட்டுக்கொள்ளலாம். மரத்தை அப்படி நகர்த்த முடியாது. மரத்தின் காலடியிலேயே நெருக்கி நடாதே, மழைகூட அங்கே சரியாக இறங்காது. முதல் வருடம் செடிகள் தூங்குகிற மாதிரி இருக்கும். மூன்றாம் வருடம்தான் பாய்ச்சல். பியோனி ஆசை இருந்தால் அதற்கு நிரந்தர இடம் கொடு, இடமாற்றினால் முறைத்துக்கொள்ளும். கிழங்கின் மொட்டுக்கு மேல் 5 செ.மீ.க்கு அதிகமாக மண் மூடினால் இலைதான் வரும், பூ வராது.

படத்தை மறுபடி வரைந்து அனுப்பு. ஒவ்வொரு மரத்துக்கும் இப்போதைய அகலத்தை விட்டுவிட்டு, 20 வருடம் கழித்து வரும் அகலத்துக்கு வட்டம் போடு. வாசல் எதுவென்றும் எழுதிவிடு.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்